இம்மி பிசகாத படம்

திருத்தங்கல்லில் காலண்டர் அச்சடிக்கும் கம்பெனி ஒன்றில் எனக்கு நெகட்டிவ் திருத்துகிற வேலை. நாலு கலரும் இம்மி பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று உட்கார வேண்டும். அதை ரிஜிஸ்டர் என்போம். பிசகினால் சாமியின் உதடு கன்னத்துக்குப் போய்விடும். என் கையில் ஒருநாளும் போனதில்லை. அந்தக் கர்வம் எனக்கு நிறையவே உண்டு.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருஷங்களில் தியேட்டர்களில் இன்னும் பிலிம்தான் ஓடியது. ஆபரேட்டர் ஒருவர் எனக்குக் கூட்டாளி. வெட்டிப்போட்ட துண்டுகளைத் தருவார். பிளீச்சிங் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்தால் கதாநாயகன் கரைந்து போவான்; வெறும் கண்ணாடிச் சுருள் மிஞ்சும். அதில் கட்டம் கட்டமாக ஊசியால் கீறி, மை தொட்டுப் படம் வரைவேன். கோடுகள், புள்ளிகள், பொறிகள். யாரும் கேட்காத படம். பைத்தியம் பிடித்தாற்போல் வரைந்தேன்.

என் மனைவி சோற்றுத் தட்டோடு பின்னால் வந்து நிற்பாள். "ஒரு நிமிஷம்" என்பேன். சோறு ஆறிவிடும், அவள் நின்றுகொண்டே இருப்பாள். ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் ஆலங்குளத்துக்கு, அம்மா வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டாள். வீடு வெறிச்சோடிப் போனது. போய்க் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. படத்தில் கூப்பிடலாம் என்று நினைத்தேன்.

செம்பருத்தி நிறச் சேலையில் அவள் வாசலிலிருந்து நடந்து வருவதாகப் படம். அவளாயிற்றே என்று உயிரைக் கொடுத்து வரைந்தேன். ஒவ்வொரு கட்டத்தையும் விளக்கு மேசையில் முந்தைய கட்டத்தோடு ஒப்பிட்டு, விலகியதையெல்லாம் அழித்துச் சரிசெய்தேன்.

ஆள் விட்டு அழைத்தேன். வந்தாள். மேட்னிக்கு முன்னால், காலித் தியேட்டரில் ஆபரேட்டர் ஓட்டினார். சேலை நிறம் ஜொலித்தது. விளிம்பில் ஒரு நடுக்கமும் இல்லை. திரையில் அவள் வாசலில் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள்.

"ஏலே, பிலிம் ஓடுது, படம் ஏன் நிக்குது?" என்று மேலேயிருந்து ஆபரேட்டர் கத்தினார்.

அப்போதுதான் உறைத்தது. கட்டத்துக்குக் கட்டம் கொஞ்சம் பிசகினால்தானே நடப்பாள்!

பக்கத்திலிருந்த மனைவி திரையைப் பார்த்தபடியே சொன்னாள்: "இங்கனயும் என்னைய நிக்கத்தான் வச்சிருக்கீக."

பஸ் ஸ்டாண்டு வரை கூடவே போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, "சாப்பிட்டீகளா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்வதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. அதற்குப் பிறகு அவள் வரவேயில்லை.

மறுபடியும் வரைந்தேன், கட்டத்துக்குக் கட்டம் அவள் காலைக் கொஞ்சம் தள்ளி. முடிப்பதற்குள் அந்தத் தியேட்டரை மூடிவிட்டார்கள். இப்போது சுருளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து விரலால் இழுக்கிறேன். வாசலைத் தாண்டி என்னைப் பார்த்து வருகிறாள். அவளைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. ஒரு நிமிஷம் என்று திரும்பவும் முதலிலிருந்து இழுக்கிறேன். பக்கத்தில் நான் போட்டு வைத்த சோறு ஆறிக்கொண்டிருக்கிறது.