சாவியைப் பிடுங்கிய எலக்ட்ரீஷியன்

திருப்பனந்தாளைத் தாண்டியதும் என் பழைய கார் நின்றுவிட்டது. நிறைமாதமாக இருந்த மனைவிக்கு வலி தொடங்கி, கும்பகோணத்து ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தோம். நல்லவேளையாக எதிரிலேயே ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடை.

நரைத்த மீசை, கழுத்தில் சிலுவை, சிரிப்பே அறியாத முகம். வேறொரு பேட்டரியை இணைத்து எஞ்சினை ஓடவிட்டார். நான் கிளம்பக் கதவைத் திறந்தேன்.

“ஓரமா நில்லுங்க” என்றார்.

மின்சாரம் அளக்கும் மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொடவைத்து, அது கூவியதைக் கேட்ட பிறகே வோல்ட்டுக்குத் திருப்பி பேட்டரியில் வைத்தார். இரண்டு முறை அளந்தார்; இரண்டு முறையும் இப்படித்தான். தன் மீட்டரையே நம்பாத மனிதர்.

“ஓடுற வண்டியில பதினாலு காட்டணும். பன்னண்டுகூட இல்ல. டைனமோ சார்ஜ் ஏத்தல. வழியில நிக்கும்.”

“பரவால்ல, நான் போய்க்கிறேன்.”

எட்டிச் சாவியைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“என் வண்டிங்க அது!” என்று கத்தினேன்.

“வயக்காட்டு நடுவுல நின்னா பிரசவம் நீங்களா பாப்பீங்க?”

சாலையில் இறங்கி, வந்துகொண்டிருந்த வேனைக் கைகாட்டி மறித்தார். என் மனைவி என்னைக் கேட்கவே இல்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். பின்னாலேயே நானும் ஓடி ஏறினேன்.

மறுநாள் வண்டியெடுக்கப் போனேன். நிமிராமல் சாவியை நீட்டினார்.

“என்ன புள்ள?”

“பொண்ணு.”

“அதையாவது ஒழுங்கா பாத்துக்குங்க.”

சொல்ல வந்த நன்றியைச் சொல்லாமலேயே திரும்பினேன். அவரை நினைத்தால் இன்றும் முதலில் கோபம்தான் வருகிறது.