ஹில்மி நீந்தக் கற்றுக்கொண்ட கோடை

ரயில்வே கேட்டை ஒட்டித்தான் என் சைக்கிள் கடை. கேட்கீப்பர் மெத்வல்லியின் மகன் ஹில்மி உடம்பைத் தேற்றியதெல்லாம் என் கண் முன்னால்தான் நடந்தது. நடந்து என்ன பிரயோசனம்? பஞ்சர் ஒட்டுகிறவன் பேச்சை யார் கேட்டார்கள்?

சூயஸ் கால்வாயைக் கடந்து நம் எகிப்துப் படை சண்டை போட்டதற்கு அடுத்த வருஷம் அது. ஊரில் எல்லாப் பையன்களுக்கும் தோளில் நட்சத்திரம் குத்திக்கொள்ளும் ஆசை. மற்றவர்கள் ஆசையோடு நின்றுவிட்டார்கள், ஹில்மி நிற்கவில்லை. படைக் கல்லூரியில் அதிகாரிப் பயிற்சிக்கு அந்தந்த வருஷம் பள்ளி முடித்தவர்களை மட்டும்தான் எடுப்பார்கள். ஒரு முறை தவறினால் தவறியதுதான். மார்க்கைப் பற்றி அவனுக்குக் கவலையில்லை. உடம்புதான் ஒட்டடைக் குச்சி.

உப்பு மீனும் வெங்காயமும் தின்னும் வசந்தத் திருநாள் முடிந்த மறுநாளே ஓட ஆரம்பித்தான். தண்டவாளத்தை ஒட்டி பருத்தி ஆலை வரை ஓடித் திரும்புவான். முசுக்கொட்டை மரக்கிளையில் தொங்கி உடம்பைத் தூக்குவான். தண்டால் எடுக்கும்போது தங்கை நஜாத் அவன் முதுகில் உட்கார்ந்து கரும்பு கடிப்பாள். அம்மா இன்ஸாஃப், புருஷன் தட்டிலிருந்த முட்டையை மகன் தட்டுக்கு மாற்றினாள். வெள்ளிக்கிழமை சமைக்கிற புறாக் கறியும் அவனுக்கே போயிற்று. மெத்வல்லி அவித்த மொச்சையோடு திருப்திப்பட்டுக்கொண்டார்.

காப்பிக் கடையில் உட்கார்ந்திருக்கும் வேலையற்றவர்கள் சும்மா இருப்பார்களா?

"டாங்கி வாங்கக் காசில்லேன்னு ஓடியே போறாரு பாருங்கப்பா, நம்ம ஜெனரலு!"

"ஜெனரல் ஐயா, மெதுவா! சராய் அவுந்துறப் போவுது!"

ஹில்மி அவர்களுக்கு சல்யூட் அடித்துவிட்டு ஓடிக்கொண்டே இருப்பான். நல்ல பிள்ளை.

பள்ளிக்கூட டிரில் மாஸ்டர் ஃபிக்ரி ஒரு நாள் கடைக்கு வந்து காற்றடித்துக்கொண்டே அவனிடம் சொன்னார்: "ஓட்டம் மட்டும் போதாதுடா. ஒசரத்துலேர்ந்து நீச்சல் குளத்துல குதிக்கச் சொல்லுவாங்க. குதிச்சு அக்கரைக்குப் போவணும். தெரியாதவனை அங்கேயே கழிச்சுருவாங்க."

நீச்சல் குளம் தமன்ஹூர் டவுனில், டாக்டர் வீட்டுப் பிள்ளைகளும் பருத்தி வியாபாரி பிள்ளைகளும் போகிற கிளப்பில் இருந்தது. எங்களுக்கு இருந்தது வாய்க்கால். சின்ன வயசில் அவன் அதில் கால் வைத்தாலே இன்ஸாஃப் செருப்போடு துரத்துவாள். ஊரிலேயே வாய்க்காலில் இறங்காமல் வளர்ந்த பிள்ளை அவன் ஒருத்தன்தான்.

"அந்தத் தண்ணி வேணாம்" என்றாள் அவள். "என் தம்பி வயிறு வீங்கிச் செத்தது மறந்துபோச்சா?"

"நான் எறங்கலையா? எங்கப்பன் எறங்கலையா? எங்களுக்கு என்ன கொள்ளை போச்சு?" என்றார் மெத்வல்லி. கேட் கம்பியை இறக்குவதற்குள் இரண்டு முறை விலாவைப் பிடித்துக்கொண்டு உட்காருகிற மனுஷன் பேசுகிற பேச்சு.

எனக்கு எரிச்சல் வந்தது. "வீங்கிக் கெடக்குற உன் வயித்தைப் பாத்துட்டுப் பேசு, ஹில்மி அப்பா."

"உனக்குப் பிள்ளை இல்லே ஷஹாதா. உனக்கென்ன தெரியும்?"

சுருக்கென்று தைத்தது. அதோடு நான் என் பஞ்சர் வேலைக்குத் திரும்பினேன்.

அந்தக் கோடை முழுக்க ஹில்மி வாய்க்காலில் கிடந்தான். மார்பு விரிந்தது, தோள் திரண்டது. பாலத்துக் கைப்பிடிச் சுவரிலிருந்து குதித்தால் தண்ணீரில் கிடக்கும் எருமைகள் மிரண்டு கரையேறும். நினைத்த மார்க்கும் வந்தது. காப்பிக் கடைக்காரர்கள் கிண்டலை விட்டுவிட்டு அவனுக்கு எழுந்து நிற்க ஆரம்பித்தார்கள்.

கோடைக் கடைசியில் ஒரு மத்தியானம் கடைக்கு வந்தான். முகம் வெளிறியிருந்தது.

"மாமா, ஒண்ணுக்குப் போனா செவப்பா போவுது."

ஸ்டூலை அவன் பக்கம் தள்ளினேன். அதற்குள் மெத்வல்லி பின்னாலேயே வந்துவிட்டார். வாயெல்லாம் பல்.

"இத்தனை வருஷமா வரலையேன்னு உள்ளுக்குள்ள பயந்துக்கிட்டே இருந்தேன் ஷஹாதா! இப்பத்தான் என் புள்ளை ஆம்பளை ஆனான்!"

எங்கள் பக்கத்தில் அப்படித்தான். பெண் பிள்ளைக்கு ஒரு வயசில் வருவதுபோல ஆண் பிள்ளைக்கும் ரத்தம் வரும் என்று அப்பன், பாட்டன் எல்லாரும் நம்பினார்கள். வராதவனைத்தான் சந்தேகமாகப் பார்ப்பார்கள். காப்பிக் கடையில் எல்லாருக்கும் மெத்வல்லி செலவில் டீ. நான் அதைத் தொடவில்லை.

ஹில்மி நம்பவில்லை. வாய்க்கால் நத்தையிலிருந்து புழு தோல் வழியாக உடம்புக்குள் போகிற படத்தை அவன் பாடப்புத்தகத்திலேயே பார்த்திருக்கிறான்.

"சுகாதார நிலையத்துக்குப் போய் ஊசி போட்டுக்கடா" என்றேன்.

"ஊசி போட்டா வாந்தியெடுத்துப் படுத்துருவேன் மாமா. எத்தனை பேரைப் பாத்திருக்கேன். தேர்வு வந்துருச்சு. அதிகாரிப் பொழைப்பு முதல்ல கெடைக்கட்டும், ஊசியை அப்புறம் போட்டுக்கறேன்."

போட்டாலும் போயிற்று, போடாவிட்டாலும் போயிற்று.

மெத்வல்லிக்கு லீவு கிடைக்காததால் கெய்ரோவுக்கு நான்தான் கூடப் போனேன். கல்லூரி வாசலில் பட்டாளத்துக்காரன் விரட்ட விரட்ட, எதிர்ச் சுவரோரம் வெயிலில் நின்றேன். சாயங்காலம் வெளியே வந்தான்.

"ஓட்டத்துல நான்தான் முதல், மாமா."

"நீச்சல்?"

"குளத்துல தண்ணியே இல்லே. ரிப்பேராம். இந்த வருஷம் நீச்சல் கெடையாதுன்னுட்டாங்க."



மறுநாள் மருத்துவப் பரிசோதனை. போன வேகத்தில் திரும்பி வந்தான். டாக்டர் அவன் சிறுநீர் பிடித்துக் கொடுத்த சீசாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாராம். "நேத்து முதலா ஓடினவன் நீயா?" என்று கேட்டாராம். "ஆமாம் ஐயா" என்றிருக்கிறான். "பாவம்" என்று சொல்லி, சீசாவை ஓரமாக வைத்துவிட்டு அடுத்தவனைக் கூப்பிட்டாராம்.

ஊர் திரும்பும்போது எங்கள் ரயில் அந்தக் கேட்டைத் தாண்டித்தான் போயிற்று. மெத்வல்லி பச்சைக் கொடியை நீட்டியபடி ஒவ்வொரு ஜன்னலாகத் தேடிக்கொண்டிருந்தார். ஹில்மி சட்டென்று எதிர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான்.

இன்ஸாஃப் யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மெத்வல்லிக்கு நன்றாயிருந்திருக்கும். குளிர்காலம் முழுக்க ஊசி. ஒவ்வொரு ஊசிக்கும் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி. திரண்ட தோள் கரைந்தது. வேறு கல்லூரியில் சேருகிற காலமும் படுக்கையிலேயே கழிந்தது. படிப்பில் இல்லாதவனைக் கட்டாய ராணுவ சேவை விடுமா? மறு வருஷமே, சாதாரணச் சிப்பாயாக, கூப்பிட்டுவிட்டார்கள்.

முதல் லீவில் வந்தபோது என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து, சிப்பாய் எடுக்கிற முகாமில் நடந்ததைச் சொன்னான். இவனாகவே டாக்டரிடம் சொன்னானாம்: "ஐயா, எனக்கு இன்னும் ரத்தம் நிக்கலை. அதுக்காகத்தான் போன வருஷம் என்னைக் கழிச்சாங்க."

டாக்டர் சீசாவைக் கையில் எடுக்கக்கூட இல்லையாம்.

"எந்த ஊருடா நீ? வாய்க்கால்காரப் பயல்ல எவனுக்கு இது இல்லே? உன்னையெல்லாம் கழிச்சா நான் சிப்பாய்க்கு எங்கே போவேன்? தகுதி. சட்டையைப் போட்டுக்கிட்டுப் போ."