தவம் அண்ணையின் வல்லாரை

1993 பெப்ரவரி 9, செவ்வாய்க்கிழமை, காலை 6.40. தவம் அண்ணை வேலை செய்த பெற்றோல் நிலையத்திலிருந்து போன் வந்தது. மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. ஃபாரஸ்ட் கேட்டில் நாங்கள் ஐந்து பேர் பங்கிட்டிருந்த வீட்டின் சமையலறை யன்னலில் அவருடைய வல்லாரை நாலு தொட்டிகளில் நின்றது. எண்ணிப் பார்த்தேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

அவரைத் தெரிந்த உங்களுக்கு இந்தக் கதையும் தெரியும். ஆளாளுக்குக் கூட்டிச் சொல்வதால் சரியாக எழுதுகிறேன்.

அவருடைய மனைவி பவளம் அக்காவுக்கு யாழ்ப்பாணத்தை விட்டு இந்தக் குளிர் நாட்டுக்கு வர மனமில்லை. “அங்கை வல்லாரை முளைச்சால் எழுதுங்கோ, வாறன்” என்று பகிடியாக எழுதியிருந்தார். அண்ணை அதைப் பகிடியாக எடுக்கவில்லை. 1989 வசந்தத்தில் பூங்கா வேலியோரம், வட்ட இலையோடு தரையில் படர்ந்திருந்த ஒன்றைப் பை நிறையப் பிடுங்கி வந்தார். தேங்காய்ப்பூவும் தேசிக்காயும் சேர்த்துச் சம்பல் போட்டோம். புதினா போல மணத்தது. வல்லாரை என்றே நம்பி விழுங்கினோம். ஓர் இலை கடிதத்தோடு போனது. இரண்டு மாதத்தில் அக்காவின் பதில்: “இது வல்லாரை இல்லை. மணந்து பாக்கேல்லையோ? எதைத் தின்னுறியள்?”

அடுத்த வருடம் கொழும்பிலிருந்து வந்த ஒருவர் ஈரத்துணியில் சுற்றி, உண்மையான வல்லாரை இரண்டு கணு கொண்டுவந்தார். நான் வீடுகளுக்கு ஹீற்றிங் பூட்டுகிற எஞ்சினியர். இந்தக் குளிருக்குச் செத்துவிடும், குப்பையில் போடுங்கோ என்றேன்.

“தம்பி, நீர் சூட்டைப் பாரும். நான் தண்ணியைப் பாக்கிறன்.”

சுடுதண்ணிப் பொயிலர் நிற்கிற அலமாரிக்குள் வைத்தார், வெளிச்சமில்லாமல் வெளுத்தது. யன்னலுக்கு மாற்றினார், குளிரில் பாதி கருகியது. மூன்றாவது குளிர்காலத்தில்தான் எனக்கு வெட்கம் வந்து, யன்னலடியில், ஹீற்றருக்கு மேலே ஒரு தட்டு அடித்துக் கொடுத்தேன். கொடி ஓடி, கணுவுக்குக் கணு வேர்விட்டது. ஒரு தொட்டி நாலானது.

இறப்பதற்கு மூன்று வாரம் முன் இலையொன்றைக் காயவைத்து அக்காவுக்கு அனுப்பினார். சண்டைக்குள் தபால் போய்ச்சேர மாதக்கணக்காகும். அது தெரிந்தும், கதவில் கடிதம் விழுந்தால் ஷிப்ட் முடிந்து படுத்தவர் எழும்பி வருவார். கவுன்சிலின் வரிக் கடிதமாயிருக்கும். அக்கா வந்தால் என்ன சமைப்பீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

“நான் ஒண்டும் சமைக்கேல்லை. அவ சமைக்கட்டும். நான் பக்கத்திலை நிக்கிறன்.”

அந்தச் சொல்தான் என்னிடம் மிஞ்சியிருக்கிறது. இனிச் செய்யப்போவது:

1. மூன்று தொட்டிகளைப் பிரிக்கிறேன். ஞாயிறு ஆர்ச்வே கோயிலுக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு கணு எடுங்கள். மண்ணைக் காயவிடாதீர்கள்.

2. நாலாவது அக்காவுடையது. கேட்க வேண்டாம்.

3. இறந்த செய்தியைக் கொழும்பு வழியாக அனுப்பியிருக்கிறோம். அதற்கு முன்பே அக்கா பதில் எழுதியிருந்தால், அது அண்ணையின் பெயருக்கு வரும். நான் உடைப்பேன். வாறன் என்றிருந்தால், விமான நிலையத்தில் நான் நிற்பேன்.