மெழுகுவர்த்தி வைக்க ஓர் இடம்

கல்லறைத் திருநாள் அன்று, முந்திரிக்கொட்டை உடைக்கிற எங்கள் அண்டி ஆபீஸில் பாதிப் பேர் வேலைக்கு வரமாட்டார்கள். முந்திரிப் பருப்புக்குத் தொலி எடுக்கிற மேசைகள் காலியாகக் கிடக்கும். இறந்தவர்களின் கல்லறையைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவர்த்தி கொளுத்துகிற நாள் அது. நான் கிறிஸ்தவ வேதக்காரி இல்லை என்பதால் எனக்கு லீவு கிடையாது. வராதவர்களின் வேலையையும் சூப்பர்வைசர் என் தலையில் கட்டிவிடுவான். என் பக்கத்தில் உட்கார்ந்து தொலி எடுக்கிற பெமிலாக்காவும் அன்று லீவுதான். ஆனால் அவள் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போகமாட்டாள். மெழுகுவர்த்தியையும் தீப்பெட்டியையும் பையில் போட்டுக்கொண்டு முட்டத்துக்கு பஸ் ஏறுவாள்.

முட்டத்தில் லைட்ஹவுஸைத் தாண்டி, பாறைகளுக்கு மேலே, பிள்ளைகளுக்கான கோடை முகாம் ஒன்று இருந்தது. இரண்டு ஓட்டுக் கட்டடங்கள், ஒரு சாப்பாட்டுக் கூடம், நடுவில் ஒரு புன்னை மரம். மே மாதம் வந்தால் மாவட்டத்தின் நாலா பக்கத்திலிருந்தும் பிள்ளைகள் வந்து தங்கி, பாடி, ஆடி, கடல் பார்த்துவிட்டுப் போவார்கள். பெமிலாக்காவின் ஒரே பிள்ளை வினோஜ் நான்காம் வகுப்பு முடித்த லீவில் அங்கே போனான். திரும்பி வரவில்லை.

கடல் கொண்டுபோய்விட்டது. குளச்சல் வரைக்கும் வள்ளங்கள் போய்த் தேடியும் உடம்பு கிடைக்கவில்லை. அப்பன் செல்வதாஸ் ஷார்ஜாவிலிருந்து ஓடிவந்தார். அடக்கம் செய்ய ஒன்றும் இல்லாமல் திரும்பிப் போனார். வெறும் மண்ணுக்கு மேலே பிள்ளையின் பெயரை எழுதிக் கல் நாட்ட அவருக்கு மனம் வரவில்லை. அதனால் கல்லறைத் தோட்டத்தில் வினோஜுக்கு இடம் இல்லை. முகாமை அதோடு பூட்டிவிட்டார்கள். இடிந்து கிடந்த மதில் வழியாக உள்ளே நுழைந்து, அவன் படுத்திருந்த அறையின் ஜன்னல் படியில் பெமிலாக்கா மெழுகுவர்த்தி வைப்பாள். அவளுக்குக் கல்லறை என்று இருந்தது அந்த ஜன்னல் படி மட்டும்தான்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று அவளுக்குச் சொன்னது ஜிஷா. ஜிஷா அன்று வினோஜின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள். வளர்ந்து படித்து நாகர்கோவிலில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, ஒருநாள் தானாகவே பெமிலாக்காவின் வீட்டுக்கு வந்து அழுதுகொண்டே சொல்லியிருக்கிறாள். பிள்ளைகளைப் பாறைக்குக் கூட்டிப் போனதே முகாம் வாத்தியார்தான். வரிசையாகக் கைகோத்து நிற்க வைத்து, தான் சொல்கிற வரைக்கும் ஒருவரும் அசையக்கூடாது என்று சொல்லிவிட்டு, போட்டோ எடுக்கப் பின்னால் நகர்ந்திருக்கிறார். அப்போது பெரிய அலை வந்தது. மற்ற பிள்ளைகள் கையை உதறிவிட்டு ஓடிவிட்டார்கள். வினோஜ் மட்டும் நின்றான்.

“வாடான்னு கூப்பிட்டேன் ஆன்ட்டி. சார் இன்னும் சொல்லலியேன்னான்.”

அவன் அப்படிப்பட்ட பிள்ளைதான். ரேஷன் கடை வரிசையில் நில்லு என்று விட்டுவிட்டு வந்தால், கடை சாத்திய பிறகும் அதே இடத்தில் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பானாம். தொலி எடுத்துக்கொண்டே பெமிலாக்கா இதைச் சொல்லுவாள்.

போன வருஷம் அந்த இடத்தை ரிசார்ட் கட்ட விற்கப் போகிறார்கள் என்று பேச்சு எழும்பியது. சின்ன வயதில் முகாமுக்குப் போனவர்கள் எல்லோரும் சேர்ந்து, அதைக் காப்பாற்ற ஒரு டிரஸ்ட் ஆரம்பித்தார்கள். வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் பழைய போட்டோ, கண்ணீர், கைகூப்பு. வந்து புல் பறியுங்கள் என்றால் மட்டும் ஆளுக்கொரு கல்யாணம், ஆளுக்கொரு ஆஸ்பத்திரி. டிரஸ்டுக்குத் தலைவர் ஞானதாசன், பேங்கில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். நல்ல மனுஷன்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் நல்ல மனுஷர்கள் ஒரு காரியத்தில் இறங்கிவிட்டால், காலுக்குக் கீழே யார் கிடக்கிறார்கள் என்று குனிந்து பார்ப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் தவறாமல் போய்க் கூட்டிப் பெருக்கியது பெமிலாக்கா. அவள் யாருடைய அம்மா என்று தெரிந்ததும் ஞானதாசன் அவள் கையிலிருந்த துடைப்பத்தை வாங்கப் போனாராம். பிள்ளையைத் தின்ற இடத்தை இடிக்கச் சொல்லாமல் துடைப்பத்தோடு வந்து நிற்கிறாளே என்று ஊரே பேசியது. ரிசார்ட் வந்துவிட்டால் அவளை யார் உள்ளே விடுவார்கள்? இந்தச் சின்ன விஷயம் ஊருக்குப் புரியவில்லை.

இடத்துக்கு உரிமைப்பட்ட பழைய சங்கம் கடைசியில் இறங்கிவந்தது. மறுபடியும் முகாம் நடத்த அரசாங்க அனுமதி கிடைத்தால் டிரஸ்டுக்கே தருகிறோம், இல்லையென்றால் ரிசார்ட்டுக்கு என்று சொல்லிவிட்டார்கள். அனுமதிக்குக் குறுக்கே நின்றது வினோஜின் சாவு. கவனக்குறைவால் நடந்ததா, பிள்ளை தானாக இறங்கினானா என்ற அந்தக் காலத்து விசாரணை முடியாமலே கிடந்தது. அனுமதி தர வேண்டிய அதிகாரி, இப்போது தாயின் வாக்குமூலத்தை வைத்து அதை முடித்துவிடலாம் என்றார்.

ஞானதாசனும், டிரஸ்டில் சேர்ந்திருந்த ஜிஷாவும் பெமிலாக்காவின் வீட்டுக்கு வந்த அன்று நானும் அங்கே இருந்தேன்.

“ஒத்தை வார்த்தைதான், பெமிலா. பிள்ள தானா எறங்கிப் போனான்னு சொன்னா போதும். அந்த வாத்தியாரும் மரிச்சாச்சு. இனி யாருக்கும் ஒரு கேடும் இல்ல” என்றார் ஞானதாசன்.

எனக்குப் பொறுக்கவில்லை. “யாருக்கும் கேடு இல்லியா? செத்த பிள்ளைக்க மேல பழி போடச் சொல்லுதியளே, உங்களுக்கு வாய் எப்பிடி சார் வருது?”

“இல்லேன்னா ரிசார்ட்டுக்காரன் மதில் கட்டிருவான். பொறவு மெழுகுவர்த்தியோட இவளை உள்ள விடுவானா? நீயே சொல்லு.”

ஜிஷா தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவர்கள் போன பிறகு, வேண்டாம் அக்கா என்று நான் கெஞ்சினேன்.

“சுபி, அவன் நான் சொன்னா கேப்பான். அம்மைக்க வேண்டி இதையும் பொறுத்துக்கிடுவான்” என்றாள்.

நாகர்கோவிலுக்குத் துணைக்கு நான்தான் போனேன். அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார். “ஆசிரியர் சொன்னதைக் கேட்காம உங்க மகன் தானாவே தண்ணியில இறங்கினானா, அம்மா?”

“ஆமா சார்” என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் நம்பமாட்டாரோ என்று பயந்தாளோ என்னவோ, “சொன்னா கேக்காத பிள்ள” என்றும் சேர்த்துச் சொன்னாள்.

அனுமதி கிடைத்தது. பாறைப் பக்கம் வேலி போட வேண்டும், பிள்ளைகள் கடலில் இறங்கக்கூடாது, முகாமின் முதல் நாளில் இந்தச் சம்பவத்தைச் சொல்லி எச்சரிக்க வேண்டும் என்று அதிகாரி நிபந்தனை போட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் காதில் விழுந்ததற்கு அதுதான் நியாயம். வாட்ஸ்அப் குரூப்பில் பூவும் பட்டாசுமாகப் பறந்தது. அவள் அதிகாரியிடம் சொன்னது எப்படியோ ஷார்ஜா வரைக்கும் போய்ச் சேர்ந்தது. செல்வதாஸ் அன்றைக்கே கூப்பிட்டார்.

“நீயாட்டி அப்பிடிச் சொன்ன?”

அவ்வளவுதான் கேட்டார். அதற்குப் பிறகும் கூப்பிடுகிறார். கேஸ் சிலிண்டர் தீர்ந்ததா, ஓடு ஒழுகுகிறதா என்று கேட்கிறார். பிள்ளையின் பெயரை மட்டும் அவளிடம் எடுப்பதில்லை.

மே மாதம் முகாம் திறந்தது. சமையலுக்குப் பெமிலாக்கா போனாள், முதல் நாள் கறிக்கு அரிய என்னையும் கூட்டிப் போனாள். கட்டடங்களுக்குப் புது வெள்ளை. புன்னை மரத்தடியில் பிள்ளைகள் போட்ட சத்தத்தில் கடல் சத்தமே கேட்கவில்லை. பெமிலாக்கா சோற்றை வடித்துக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

சாப்பாட்டுக்கு முன்னால் ஜிஷா பிள்ளைகளை உட்கார வைத்தாள். சமையலறைப் பக்கம் திரும்பாமல் பேசினாள்.

“முன்னால இங்க ஒரு பையன் வந்திருந்தான். போகாதேன்னு சார் சொல்லியும் கேக்காம கடல்ல எறங்கினான். கடல் கொண்டு போயிட்டு. அதனால பெரியவங்க சொன்னா கேக்கணும். நில்லுன்னா நின்ன இடத்துல நிக்கணும். சரியா?”

“சரி மிஸ்” என்று எல்லாப் பிள்ளைகளும் கத்தினார்கள்.

முன்வரிசையில் இருந்த ஒரு பெண்பிள்ளை கேட்டது. “சார் சொன்னதைக் கேட்டிருந்தா அவன் செத்திருக்க மாட்டான், இல்லியா மிஸ்?”

ஜிஷா கொஞ்சம் தாமதித்துத்தான் சொன்னாள். “ஆமா.”

பெமிலாக்கா கையில் சாம்பார்க் கரண்டியோடு வெளியே போனாள். நான் பிடிப்பதற்குள் மரத்தடிக்குப் போய்விட்டாள்.

“மக்களே, அலை வந்தா ஓடிருங்கோ. யாரு நில்லுன்னு சொன்னாலும் நிக்காண்டாம். சார் இன்னும் சொல்லலியேன்னு நிக்காண்டாம். ஓடிருங்கோ, கேட்டியளா, ஓடிருங்கோ!”

சில பிள்ளைகள் சிரித்தார்கள். கேள்வி கேட்ட பெண்பிள்ளை பயந்து அழ ஆரம்பித்தது. ஜிஷா முகத்தை மூடிக்கொண்டாள். ஞானதாசன் ஓடிவந்து பெமிலாக்காவைத் தோளோடு பிடித்துச் சமையலறைக்குக் கூட்டிவந்தார்.

“பிள்ளையளக் குழப்பாத, பெமிலா. ஆபீசர்ட்ட நீ சொன்னதைத்தானே நாங்க சொல்லுதோம்?”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் நாலு வார்த்தை திருப்பிக் கேட்டிருப்பேன். பெமிலாக்கா கரண்டியைக் கழுவி வைத்தாள். பிள்ளைகளுக்குச் சோறு விளம்பி முடித்துவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

இந்தக் கல்லறைத் திருநாளுக்கும் மேசைகள் காலியாகக் கிடந்தன. பெமிலாக்கா மட்டும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து தொலி எடுத்தாள். அன்றைக்கு அவளுக்காக கேட்டைத் திறந்து வைக்கச் சொல்லியிருப்பதாக ஞானதாசன் முந்தின நாளே ஆள் விட்டிருந்தார். சொன்ன வாக்கைக் காப்பாற்றுகிறவர்தான் அவர்.

“எக்கா, முட்டத்துக்குப் போகலியா?” என்று கேட்டேன்.

அவள் கையை நிறுத்தவில்லை.

“அங்க இருக்கியது அவிய சொல்லுத பையன், சுபி. சொன்னா கேக்காதவன். எனக்க பிள்ள அங்க இல்ல.”

மேசைக்கு அடியில் அவள் பை வாய் திறந்து கிடந்தது. மெழுகுவர்த்தி வாங்கித்தான் வைத்திருந்தாள்.