பின்சக்கரம் வழுக்கிய ஞாயிற்றுக்கிழமைகள்

அறுபதுகளின் தொடக்கத்தில், சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னாலிருந்த சந்து ஒன்றில் நானும் என் மனைவியும் ஒற்றை அறையில் குடியிருந்தபோது நடந்தது இது. தேக்கா பக்கத்து மாவு மில்லிலிருந்து மசாலாத் தூள் மூட்டைகளைக் கடைகளுக்கு ஏற்றிப் போவது என் வேலை. அதற்காக ஒரு பழைய பிக்கப் வண்டி வாங்கியிருந்தேன்.

என்னைப் பற்றி ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குப் பிறவியிலேயே சந்தேக புத்தி. கடையில் பருப்பு நிறுத்தால் தராசுத் தட்டின் அடியைக் குனிந்து பார்ப்பேன். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் என்னைப் பார்த்துச் சிரித்தால் சட்டைப் பையைத் தொட்டுக்கொள்வேன். "உங்களுக்கு உங்க நிழல் மேலயே சந்தேகம்" என்பாள் மனைவி. இவள் ஏன் இன்றைக்கு இதைச் சொல்கிறாள் என்று அதையும் யோசிப்பேன்.

அந்த நாளில் எங்களைப் போன்ற வண்டிக்காரர்களுக்கு ஒரு கிறுக்கு இருந்தது. ஞாயிறு காலையில் கிராஞ்சிப் பக்கம், ரப்பர் மரங்களுக்கு நடுவே நேராக ஓடும் ரோட்டில் கூடுவோம். இரண்டிரண்டு வண்டியாக நிறுத்தி, நின்ற இடத்திலிருந்து கால் மைல் தூரத்துக்கு விரட்டுவோம். யார் முந்துகிறாரோ அவருக்கு அந்த வாரம் முழுக்கக் கோப்பிக்கடையில் மரியாதை. போலீஸ் வந்தால் எல்லோரும் காய்கறி ஏற்ற வந்தவர்கள்.

காலியான பிக்கப்புக்குப் பின்பக்கம் கனமே இருக்காது. கிளச்சை விட்டதும் பின்சக்கரம் ரோட்டைப் பிடிக்காமல் நின்ற இடத்திலேயே சுழலும். அதற்குள் பிடோக்கிலிருந்து கோழி ஏற்றிவரும் சீனர் பாதி ரோட்டைத் தாண்டியிருப்பார். இதைச் சரிசெய்து தருவதாகச் சொன்னவர் ஜாலான் புசாரில் தகரக் கொட்டகை போட்டு வண்டி பழுதுபார்த்த பாய். நாகூர்ப் பக்கத்துக்காரர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். தேக்கா வண்டிக்காரர்கள் அவரை நம்பிக் கொண்டுவரும் வேலைதான் அவர் வீட்டில் அடுப்பெரிய வழி. எனக்கு அவர் கூலியே வாங்காமல் உழைத்தார், சிநேகிதத்துக்காக.

மணல் மூட்டை இரண்டை வண்டியின் வால்பக்கம் போட்டிருந்தேன். அவற்றை இழுத்துச் சரியாகப் பின் அச்சுக்கு மேலே வைத்துக் கட்டினார். பின் டயர்களில் காற்றைக் கொஞ்சம் இறக்கினார். அச்சு துள்ளாமல் இருக்க ஸ்பிரிங் பட்டைகளை முன்பாதியில் இறுக்கிக் கட்டினார். புதன்கிழமை கிராஞ்சிக்குப் போய் ஓட்டிப் பார்த்தோம். கிளச்சை விட்டேன், வண்டி முதுகில் குத்துவது போலத் தள்ளிக்கொண்டு பாய்ந்தது. இனி பிடோக்காரர் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியைப் புறப்படும் கோட்டில் கொண்டுபோய் நிறுத்தி, வழக்கம்போல் பூசை போட்டேன். மனைவி கொடுத்தனுப்பிய மஞ்சள் தண்ணீரைச் சக்கரங்களில் தெளித்து, வண்டிக்கு முன்னால் தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டிவிட்டு, சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம் வைத்து ஏறி உட்கார்ந்தேன். கொடியை இறக்கியதும் பின்சக்கரம் சும்மா சுழன்றது. தோற்றேன்.

அடுத்த புதன்கிழமை ஓட்டிப் பார்த்தால் ரோட்டை அப்படியே கவ்வுகிறது. ஞாயிற்றுக்கிழமை வழுக்குகிறது. மூன்று வாரம் இதே கூத்து. என் புத்தி சும்மா இருக்குமா? சனிக்கிழமை மாலை வண்டியைக் கடைசியாகப் பார்த்துத் தருபவர் யார்? பாய். ஞாயிறு காலை என்கூட வந்து சக்கரத்துப் பக்கத்தில் நிற்பவர் யார்? அவரும் பாய்தான்.

அதன்பிறகு அவர் செய்ததெல்லாம் எனக்குத் தப்பாகவே தெரிந்தது. பட்டறைக்கு எதிரே ஒரு தூணுக்குப் பின்னால் நின்று அவர் வேலை செய்வதைக் கவனித்தேன். ஒருநாள் அந்தப் பிடோக்காரரும் பாயும் கோப்பிக்கடையில் தலையோடு தலை வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். அந்தச் சனிக்கிழமை பாய் தலையைச் சொறிந்துகொண்டே, "தம்பி, பூசையை வீட்டு வாசல்லயே முடிச்சிட்டு வந்துடேன். கோட்டுல வந்து அவசர அவசரமா எதுக்கு லா?" என்றார். என் சாமிகூட இவர் கண்ணை உறுத்துகிறதா என்று நினைத்தேன்.

மறுநாளும் தோற்றேன். இறங்கிப் போய்ப் பின்டயரைத் தொட்டேன், வழவழவென்று ஈரம். யாரோ எதையோ தடவியிருக்கிறார்கள் என்று தீர்மானித்துவிட்டேன். "டயரை மோந்து பாரு தம்பி" என்றார் பாய் மெதுவாக. நான் மோந்து பார்க்கவில்லை. அவர் முகத்தையும் பார்க்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை, தேக்கா வண்டிக்காரர்கள் அத்தனை பேரும் கூடும் நேரம். கோப்பிக்கடையில் நேராகப் பாய் மேசைக்குப் போனேன். அவர் கையைப் பிடித்து இழுத்து, எல்லோர் முன்னாலும் மோந்து பார்த்தேன்.

"எண்ணெய் வாடை அடிக்குதே பாய். என் டயர்ல தடவுன எண்ணெய்தானே? பிடோக்காரன் என்ன குடுத்தான்?"

பாய் கையை இழுத்துக்கொள்ளவில்லை. "பட்டறைக்காரன் கையில வேற என்ன வாடை தம்பி வரும்?" என்று மட்டும் கேட்டார். பாதி டீயை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

கூட இருந்து குழி பறித்தவன் என்று நான் போட்ட முத்திரை நன்றாகவே ஒட்டிக்கொண்டது. காய்கறி லாரிக்காரர்கள் இரண்டு பேர் வேறு பட்டறைக்குப் போனார்கள். அப்புறம் இன்னும் மூன்று பேர். அந்த வழியாகப் போகும்போது கொட்டகைக்குள் வண்டியே இருக்காது. பாய் வாசலில் பெட்டி மேல் உட்கார்ந்திருப்பார். நன்றாக வேண்டும் என்று நினைத்தேன், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. அடுத்த ஞாயிறு அவர் இல்லாமலே போய் மறுபடி வழுக்கித் தோற்றபோதும் என் புத்தி திரும்பவில்லை. முன்பே எதையாவது கழற்றி வைத்திருப்பார் என்றுதான் தோன்றியது.

அந்த வாரம் ஊரிலிருந்து தந்தி வந்தது. பங்காளி வீட்டில் ஒரு சாவு. பதினாறு நாள் தீட்டு. விளக்கேற்றக்கூடாது, பூசை கூடாது. "இந்த வாரம் போகாதீங்க. சாமி கும்பிடாம வண்டி எடுக்கலாமா?" என்றாள் மனைவி. போகாவிட்டால் பயந்துவிட்டான் என்பார்களே என்று போனேன். தேங்காய் இல்லை, மஞ்சள் தண்ணீர் இல்லை, எலுமிச்சம்பழம் இல்லை. இன்றைக்குத் தோற்பது மட்டுமல்ல, வண்டி கவிழ்ந்தே போகும் என்ற பயத்தோடு கோட்டில் நின்றேன்.

கொடி இறங்கியது. கிளச்சை விட்டதும் வண்டி கிளம்பிய வேகத்தில் என் பின்மண்டை இருக்கைக்குப் பின்னாலிருந்த தடுப்பில் மோதியது. முடிவுக் கோட்டைத் தாண்டித் திரும்பிப் பார்த்தால் பிடோக்காரர் நாலு வண்டி தூரம் பின்னால் வந்துகொண்டிருந்தார்.

அவர் இறங்கி வந்து என் தோளில் தட்டினார். எங்களுக்குள் சந்தை மலாய்தான் பேச்சு. "இன்றைக்கு லிமாவ் இல்லையா?" என்று கேட்டார். லிமாவ் என்றால் எலுமிச்சை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் என்னைப் புறப்பட்ட கோட்டுக்கே கூட்டிப் போனார். முந்தின வாரத்து எலுமிச்சைத் தோல்கள் ரோட்டோடு தேய்ந்து காய்ந்து கிடந்தன, சரியாக என் பின்சக்கரம் நிற்கிற இடத்தில். தேங்காய்த் தண்ணீரும் மஞ்சள் தண்ணீரும் நனைத்த ரோட்டில், நசுங்கிய எலுமிச்சைச் சதை மேல் நின்றுதான் நான் ஒவ்வொரு ஞாயிறும் சக்கரத்தைச் சுழற்றியிருக்கிறேன்.

"எல்லோருக்கும் தெரியும். உன் சாமி விஷயம், நாங்கள் எப்படிச் சொல்வது?" என்றார் அவர். "உன் பாய் என்னைக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். நான் வேறு மதத்துக்காரன், பூசையை நிறுத்து என்று நான் சொன்னால் தப்பாகிவிடும், நீயாவது ஜாடையாகச் சொல் என்று கெஞ்சினார். நான் போட்டிக்காரன், நான் சொன்னால் நம்புவானா என்று மறுத்துவிட்டேன்."

ஜெயித்த வண்டியை எப்படி வீடுவரை ஓட்டி வந்தேன் என்று எனக்கு நினைவில்லை.

மறுநாள் காலை பட்டறைக்குப் போய் பாய் காலில் விழாத குறையாகக் கூப்பிட்டேன். வரமாட்டேன் என்றார். "அசிங்கப்படுத்தின இடத்துலதான் பாய் நான் சொல்லணும்" என்று கையைப் பிடித்து அதே கோப்பிக்கடைக்கு அழைத்துப் போனேன். எல்லோர் முன்னாலும் எலுமிச்சம்பழக் கதையை ஒன்றுவிடாமல் சொன்னேன். ஒரு மூலையில் சிரிப்பு கிளம்பியது. என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்கள், சிரிக்கட்டும். "இவரு மேல ஒரு தப்பும் இல்ல. என் புத்திதான் கேவலம்" என்றேன்.

பாய் தலையைக் குனிந்தபடி, "விடு தம்பி, டீ ஆறுது" என்றார்.

போன லாரிக்காரர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். என் வண்டியையும் பாய்தான் பார்த்தார், கடைசிவரை. நான் பூசையை வீட்டு வாசலிலேயே முடித்துக்கொண்டு போனேன். ஆனால் ஒன்று மாறிவிட்டது. என் வண்டியை எடுத்துப் போனால் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவார். "தம்பி, நீ பக்கத்துல வந்து நில்லு. அப்பத்தான் கை வைப்பேன்" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்த்தவனை அவரே கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்க வைப்பார். வேண்டாம் பாய் என்று எத்தனை முறை சொல்லியும் கேட்கவில்லை.

அன்று அவர் கையை மோந்து பார்த்தேனே, அதற்கு முந்தின நாள் கோட்டிலேயே என் கையை மோந்து பார்த்திருந்தால் கற்பூரமும் எலுமிச்சையும் மணத்திருக்கும். இன்றும் யார் மேலாவது சந்தேகம் வந்தால், வாயைத் திறப்பதற்கு முன் என் கையைத்தான் ஒருமுறை மோந்து பார்த்துக்கொள்கிறேன்.