கெத்தரின் பிடுங்க விடாத பல்

எல்கடுவைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் கெத்தரினுக்கு மாதத்தில் ஒரு தடவையாவது கை வீங்கும். தேயிலைச் செடிக்குள் குளவிக்கூடு இருப்பது வழக்கம்தானே. பக்கத்தில் பறிக்கும் கிருஷ்ணம்மா சுண்ணாம்போடு ஓடி வருவாள்.

"ஒன்னய மட்டும் குளவி தேடித் தேடி வருதேடி, என்ன செண்டு பூசுற?"

கெத்தரின் சிரித்துக்கொண்டே கையை நீட்டுவாள். இருபது வருடமாக இதுதான் வழக்கம். அவளுடைய அப்பா தொண்டை அடைத்து இறந்தபோதும் தோட்டமே குளவி என்றது. அதற்கு முதல் நாள்தான் அவர் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருந்தார்.

போன வருடம் மகள் தினுஷாவின் உதடு வகுப்பறைக்குள்ளேயே வீங்கியது. அங்கே குளவி இல்லை. அரிப்பும் இல்லை. தோட்டத்து மருந்துச்சாலை கொடுத்த ஒவ்வாமை மாத்திரைக்கு அது வற்றவும் இல்லை. அதற்கு அடுத்த வாரம் அவளுக்குச் சொத்தைப் பல் பிடுங்க வேண்டியிருந்தது. கெத்தரினுக்கு அப்பாவின் நினைவு வந்தது.

"ஒரு பல்லுத்தானே, இதுக்கா இவ்ளோ பயம்?" என்றார் பல் மருத்துவமனைத் தாதி.

"பல்லுக்குப் பயமில்ல மிஸ், தொண்டைக்குத்தான். எங்கப்பா பல்லு புடுங்கின மறுநாளே தொண்டை அடைச்சுப் போயிட்டாரு. ரத்தத்த சோதிச்சுப் பாக்காம புடுங்க விடமாட்டேன்."

"வலிக்குதும்மா, புடுங்கட்டுமே!" என்று தினுஷா அழுதாள்.

"வலி மாத்திரையப் போட்டுக்க. பொறுத்துக்க."

மாத்தளைக்கு நான்கு தடவை பஸ் ஏறினாள். கடைசியில் டொக்டர் ஹுஸ்னி இருவரின் இரத்தத்தையும் கொழும்புக்கு அனுப்பினார். முடிவு வர மூன்று வாரம் ஆனது. வந்ததும் டொக்டர் விளக்கினார்.

"கிருமிய அடிக்க ரத்தத்துல ஒரு புரதக் கூட்டம் இருக்கு. அத அடக்கி வைக்கிறதும் ஒரு புரதம்தான். சி-ஒன் தடுப்பான்னு பேரு. உங்க ரெண்டு பேருக்கும் அது குறைவு. அதான் ரத்த நாளத்துலருந்து நீர் கசிஞ்சு வீங்குது. பல் புடுங்கினா தொண்டையும் வீங்கலாம்."

"அப்ப எங்கப்பா?"

"அவருக்கும் இதுவாத்தான் இருந்திருக்கும். இது பரம்பரையா வர்றது."

பல்லைப் பெரிய ஆஸ்பத்திரியில் பிடுங்கினார்கள். அதற்கு முன் அந்தப் புரதம் உள்ள பிளாஸ்மாவை ஏற்றினார்கள். குரல் மாறினால் உடனே கூப்பிடச் சொல்லியிருந்ததால், கெத்தரின் இரண்டு நாளும் மகளைப் பேசச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"பாடம் எல்லாம் சொல்லி முடிச்சிட்டேன். இனி என்னம்மா பேச?" என்று தினுஷா எரிந்து விழுந்தாள். குரல் கணீரென்று இருந்தது.

கெத்தரின் வெளியே வந்து தம்பி றொபின்சனுக்குப் போன் எடுத்தாள்.

"திங்கக்கிழம ரத்தம் சோதிக்க வா. எனக்கொண்ணும் இல்லன்னு சொல்லாத. வரலன்னா நானே வந்து இழுத்துட்டுப் போவேன்."