படிவத்தில் மறதிக்குக் கட்டம் இல்லை

1. காலிக் குப்பி

"மாத்திரையை யார்கிட்ட வித்தே? உண்மையைச் சொல்லு."

எங்கள் மருந்தாளுநர் கேட்டது வரிசையில் நின்ற எல்லோர் காதிலும் விழுந்தது. எதிரே தலைகுனிந்து நின்றவர் ஆமத்தூர் செல்வராஜ். சிவகாசியில் ஓர் ஆப்செட் பிரஸ்ஸில் பதினாறு வருடம் மெஷின்மேன்.

இரண்டாயிரங்களின் பிற்பகுதி அது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குக் கூட்டு மருந்து தரும் மையத்தில் நான் கவுன்சிலராக இருந்தேன். மாதாமாதம் பழைய குப்பியைக் கொண்டுவர வேண்டும். மிச்சத்தை எண்ணிப் பார்த்துத்தான் புதுக் குப்பி. செல்வராஜின் குப்பியில் போன மாதம் இருபது மாத்திரைக்கு மேல் மிச்சம். இந்த மாதமோ நாலு நாள் முன்னாலேயே காலி.

"விக்கலைங்க சார்."

"பிறகு எங்க போச்சு?"

"தெரியலை."

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. "குடிகாரப் பய. இப்படியே போனா மருந்தை நிறுத்திருவோம்" என்றார் எங்கள் மையத்தின் மருத்துவர். நானும் செல்வராஜின் அட்டையில் 'ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நான் மற்றவர்களைத் திட்டப்போகிறேன். அதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும்.

2. மாரியம்மாள் சொன்னது

அடுத்த வாரம் அவர் மனைவி மாரியம்மாள் தனியாக வந்தார். பட்டாசுக் கம்பெனியில் வேலை. சீசன் நேரத்தில் லீவு கேட்டு, ஏச்சு வாங்கிக்கொண்டு வந்திருந்தார்.

"அவுக குடிச்சு ரெண்டு வருசமாச்சு மேடம். இருக்கன்குடி ஆத்தா முன்னால சத்தியம் பண்ணி விட்டாக."

"அப்புறம் ஏம்மா மாத்திரை இப்படிக் கூடுது, குறையுது?"

"முழுங்கிருவாக. செத்த நேரத்துல முழுங்கலைன்னு நெனச்சு மறுபடி முழுங்குவாக. சில நாளு மூலையைப் பாத்து உக்காந்தா, சோறு வச்சாக்கூட எந்திரிக்க மாட்டாக. சட்டைப் பட்டனைப் பிடிச்சுக்கிட்டு அங்கனயே நிக்காக. என்னன்னு கேட்டா அழுவுறாக. காலண்டர்ல ரிஜிஸ்டர் தள்ளிப் போச்சுன்னு பிரஸ்ஸைவிட்டும் அனுப்பிட்டாக."

ரிஜிஸ்டர் என்றால் நாலு நிறமும் இம்மி பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று விழுவது. தாளை ஒரு பார்வை பார்த்தே பிசகைச் சொல்லிவிடுவார் என்று பேர் வாங்கிய மனிதர் அவர்.

எங்களுக்கு நடந்த பயிற்சியில், இந்தக் கிருமி மூளையையும் தொடும், மனச்சோர்வும் சேர்ந்தால் மறதி இன்னும் கூடும் என்று சொல்லியிருந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம். பாதிப்பேர் தூங்கினோம்.

3. நாற்காலி

மறுநாள் செல்வராஜை அழைத்துவரச் சொன்னேன். "மல்லி, சாவி, பஸ். இந்த மூணையும் ஞாபகம் வச்சுக்கோங்கண்ணே" என்றேன். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் 'பஸ்' மட்டும் வந்தது. மற்ற இரண்டையும் தேடித் தேடி அவர் நெற்றி வேர்த்துவிட்டது.

"எனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா மேடம்?"

"இல்லைண்ணே. செத்துரலாம்னு எப்பவாவது தோணுதா?"

ஆமென்று தலையை ஆட்டினார்.

நானே அவரை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போனேன். அங்கிருந்த பெரிய மருத்துவர், எச்.ஐ.வி. மையத்து அட்டை என்று நிறத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டதும், உட்காரப் போன செல்வராஜை நிற்கச் சொன்னார்.

"இந்த வியாதி வந்தா மனசு சந்தோஷமாவா இருக்கும்? உங்க கேஸை நீங்களே வச்சுப் பாருங்க."

என் சர்வீஸிலேயே அன்றுதான் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினேன். "சார், இவரு கால் ஒடிஞ்சு வந்தா, ஒடிஞ்சா வலிக்கத்தான் செய்யும்னு திருப்பி அனுப்புவீங்களா? பாக்க மாட்டேன்னு எழுதிக் குடுங்க. நான் போயிடுறேன்."

அவர் எழுதித் தரவில்லை. நாற்காலியைக் காட்டினார்.

4. பதினாலு தீப்பெட்டி

மூளையில் வேறு தொற்று இல்லை என்று பரிசோதித்த பிறகு மனச்சோர்வுக்கு மருந்து தொடங்கினார்கள். மாரியம்மாள் பதினாலு காலித் தீப்பெட்டிகளில் கிழமையும் காலை, மாலையும் எழுதி மாத்திரையைப் பிரித்து வைத்தார். பெட்டி காலி என்றால் முழுங்கியாயிற்று. அம்புட்டுத்தான்.

மூன்று மாதத்தில் அழுகை நின்றது. தானே குளித்தார், சாப்பிட்டார். ஞாபகம் பாதிதான் திரும்பியது, கைவேகம் திரும்பவே இல்லை. திரும்பப் போய் வேலை கேட்டபோது, மெஷினைத் தர முடியாது என்று பிரஸ் முதலாளி சொன்னது நியாயம். "வேற வேலையும் வேண்டாம், மத்தவன் பயப்படுவான்" என்றாரே, அதை நான் மன்னிக்கவில்லை. கடைசியில் சின்ன பைண்டிங் கடை ஒன்றில் காலண்டரின் மேல்விளிம்பில் தகரப் பட்டை அடிக்கும் வேலை கிடைத்தது.

மாவட்டக் கூட்டத்தில் இதையெல்லாம் சொல்லி, மறதியையும் மனச்சோர்வையும் மாதாந்திரப் படிவத்தில் சேர்க்கக் கேட்டேன். "அதுக்குக் கட்டம் இல்லையேம்மா. எத்தனை பேருக்கு மருந்து குடுத்தீங்க, அதை மட்டும் சொல்லுங்க" என்றார் அதிகாரி.

கட்டம் இல்லாவிட்டால் வாய் இருக்கிறதே. ஓய்வு பெறும்வரை, வருகிற ஒவ்வொருவரிடமும், "காலையில எந்திரிச்சதுல இருந்து என்னென்ன செஞ்சீக? வரிசையாச் சொல்லுங்க" என்று கேட்டேன். பலர் கடகடவென்று சொல்வார்கள். சிலர் பாதியில் நின்று என் முகத்தைப் பார்ப்பார்கள். அவர்கள் கையைப் பிடித்து நேரே மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போவேன். என்னைக் கண்டாலே அங்கே முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளே, நீங்களும் கூட்டிப்போங்கள்.